கறுப்பு நாயும் அப்பாவின் யாஷிகாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற நாயைப் படம் பிடிக்க யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்கிற பழைய ஃபிலிம் கேமரா லாயக்குப்படாது. உட்கார்ந்த நாய், தூங்குகிற நாய், தட்டில் சோறு விழும் என்று அசையாமல் காத்திருக்கிற நாய் என்றால் பரவாயில்லை. எங்கள் மிளகு இந்த மூன்றிலும் கெட்டிக்காரி. அதனால்தான் இரண்டு வருடமாக இந்தக் கேமராவோடு என்னால் குடித்தனம் நடத்த முடிகிறது.

கேமரா அப்பாவுடையது. மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து கொடுத்தது. அப்பா போன பிறகு சயான் கோலிவாடா வீட்டைக் காலி செய்யும்போது, அலமாரியின் மேல்தட்டில் தோல் உறையோடு கிடைத்தது. கூடவே ஒரு ரயில்வே டயரி. அதில் கணக்கு வழக்கு எதுவும் இல்லை. படம் எடுத்த விவரம்தான். “சுளீர் வெயில். 11. சிவப்பு எரிந்தது. 16க்குத் திருப்பினேன்.” இன்னொரு பக்கத்தில், “மூத்தவள் அசைந்துவிட்டாள்.” அந்த மூத்தவள் நான்தான்.

அந்தச் சிவப்பு என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இந்தக் கேமராவைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வரியே போதும் என்று பிற்பாடு தெரிந்தது.

எலக்ட்ரோ 35 வரிசை 1966ல் வந்தது. எங்களிடம் இருக்கிற ஜிஎஸ்என் 1973ல் வந்த மாடல். லென்ஸ் 45 மில்லிமீட்டர், எஃப் 1.7. அதைக் கழற்றி வேறு மாட்ட முடியாது. லென்ஸின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை நாம் வளையத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா எழுதிய 11, 16 எல்லாம் அந்த வளையத்து எண்கள், எண் கூடக் கூட வாய் சுருங்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கேமராவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஐந்நூறில் ஒரு நொடிக்கும் முப்பது நொடிக்கும் நடுவே எந்த எண்ணில் வேண்டுமானாலும் அது நிற்கும். என்ன எண் என்று நம்மிடம் சொல்லாது. பொத்தானைப் பாதி அழுத்தினால் விளக்கு மட்டும் எரியும். வெளிச்சம் கூடிப்போனால் சிவப்பு. ஷட்டர் முப்பதில் ஒரு நொடியைவிட மெதுவாகப் போகப்போகிறது, கை ஆடும் என்றால் மஞ்சள். இரண்டும் எரியவில்லையா, தைரியமாக அழுத்தலாம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம்.

முதன்முதலில் அழுத்திப் பார்த்தபோது சிவப்பும் எரியவில்லை, மஞ்சளும் எரியவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, பேட்டரியே இல்லை. இதற்கென்று இருந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று அந்த வகையே நின்றுபோய்விட்டது. இப்போது எல்லோரும் போடுவது 4எல்ஆர்44 என்கிற 6 வோல்ட் பேட்டரி. பழையதைவிட ஒல்லி, நீளமும் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல்தான். இணையத்தில் ஒருவரிடம் அடாப்டர் வாங்கினேன். அது உள்ளே போனது, வெளியே வரமாட்டேன் என்றது. இடுக்கி வைத்து இழுத்ததில் மூடியின் மரை தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது அட்டையைச் சுருட்டி ஒரு குழாய், மீதி இடத்துக்கு டார்ச் லைட்டிலிருந்து பிடுங்கிய ஸ்பிரிங். செலவு பூஜ்யம், இரண்டு வருடமாக ஓடுகிறது. 

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இந்தப் பேட்டரியைக் கேட்டபோது அந்தப் பையன், “நாய் பெல்ட்டுக்கா மேடம்?” என்றான். குரைத்தால் அதிர்வு கொடுக்கிற கழுத்துப் பட்டைகளில் இதே பேட்டரிதான் போடுகிறார்களாம். மிளகு என் காலடியில் நின்று கடையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. இல்லை தம்பி, அவளைப் படம் எடுக்கத்தான் என்றேன். நம்பினானா தெரியவில்லை.

பேட்டரி போட்டதும், அதில் உயிர் இருக்கிறதா என்று காட்டுகிற பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் படம் சரியாக வரவில்லை. அதைக் கண்டுபிடித்தது என் மகள். பன்னிரண்டு வயது, மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். நான் ஃபிலிம் போடாமல் நெம்புகோலைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் ஃபோனில் ஒரு காணொளி போட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா, அவங்க சுத்தும்போது கடைசில ஒரு தொம் கேக்குது. உன்னுதுல இல்ல” என்றாள். நான் மூன்று தடவை கேட்டும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. இந்த மாடலின் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு கம்பி வந்து அதன்மேல் உட்கார்ந்து, அடுத்த படத்துக்குத் தயாராகும். ஐம்பது வருடத்தில் அந்த ரப்பர் இளகிக் கூழாகிவிடுகிறது, இல்லையென்றால் பொடிந்து உதிர்ந்துவிடுகிறது. அப்புறம் கம்பி உட்கார இடமில்லை. தொம் இல்லை. ஷட்டர் கணக்கும் தப்பிவிடும். மொத்தக் கேமராவும் நன்றாக இருக்க, நாலணா பெறாத ரப்பர் அதைக் கவிழ்த்துவிடுகிறது. இந்த மாடலில் பெரும்பாலானவை செத்துப்போவது இதனால்தான்.

பழுதுபார்க்க போரா பஜார் தெருவுக்குத்தான் போனேன். எனக்கு வேலை பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் ஏஜென்சியில், கணக்குப் பிரிவு. சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆபீசுக்கு நடக்கிற வழியில் கொஞ்சம் வளைந்தால் அந்தத் தெரு. இருபது வருடமாக அந்தப் பக்கம் போய் வருகிறேன், இத்தனை கேமராக் கடை இருப்பதை நின்று பார்த்ததில்லை. பழுதுபார்ப்பவர் இருந்தது ஒரு கட்டடத்தின் மாடியில். படிக்கட்டில் கைப்பிடிக் கயிறு. அறையில் மேசை, மேசை விளக்கு, மூடி இல்லாத ஜாம் பாட்டில்களில் திருகாணிகள். எழுபது வயதிருக்கும் அவருக்கு. நான் வாயைத் திறக்குமுன் நெம்புகோலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “ரப்பர்” என்றார். என் மகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மூன்று வாரம், 1,800 ரூபாய். ரப்பரை மாற்றினார், பின்கதவு ஓரத்துப் பழைய பஞ்சைச் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டினார், லென்ஸிலிருந்த பூஞ்சையைத் துடைத்தார். முழுதாகப் போகவில்லை. விளிம்பில் சிலந்தி வலை மாதிரி ஒரு தடம் கண்ணாடியையே அரித்துவிட்டது, வெயிலை நேராகப் பார்த்து எடுத்தால் படம் கொஞ்சம் வெளுக்கும். அப்பாவின் தோல் உறையைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “இதுதான் உங்கள் வியாதி” என்று தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மும்பை மழைக்காலத்தில் அதற்குள் கேமராவை வைப்பதும் குளியலறையில் அப்பளம் காயப்போடுவதும் ஒன்று. இப்போது கேமரா எவர்சில்வர் சம்படத்தில் இருக்கிறது, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. உறை பால்கனிப் பக்கம் தனியாகத் தொங்குகிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

முதல் ரோலில் பதினாலு படம் காலி. என் தப்புதான், ஆனால் கேமராவுக்கும் அதில் பங்குண்டு. இந்தக் கேமராவில் நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, வெளிச்சம் அளப்பது நெற்றியில் இருக்கிற இன்னொரு கண் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. மூன்றும் மூன்று வழி. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால் ஜன்னலில் எல்லாம் தெளிவாகத் தெரியும், நெற்றிக் கண்ணும் “வெளிச்சம் நன்றாக இருக்கிறதே” என்று சொல்லிவிடும், ஷட்டரும் அழகாக டிக் என்னும். ஃபிலிமில் மட்டும் ஒன்றும் இருக்காது. மகளின் வாத்தியார் வீட்டில் நவராத்திரி வாசிப்பு. பதினாலு படம் எடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கி. நெகட்டிவ் வந்தபோது துடைத்து வைத்த ஆரஞ்சு நிறப் பட்டையாக இருந்தது. அன்றைக்கே மூடியைத் தூக்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இப்போது அது எங்கே என்று தெரியாது, தேடவும் போவதில்லை.

அதே நெற்றிக் கண்தான் மிளகு விஷயத்திலும் கை கொடுக்கவில்லை. மிளகு முழுக் கறுப்பு. நெஞ்சில்கூட ஒரு வெள்ளை முடி கிடையாது. இந்தக் கண்ணுக்கு நாய் தெரியாது, கறுப்பு தெரியாது. எதிரே உள்ளதெல்லாம் சராசரி சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கறுப்பு நாய் சட்டத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், “அடடா, இருட்டாக இருக்கிறதே” என்று ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். நாய் சாம்பலாகிவிடும், பின்னால் இருக்கிற சுவர் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். முதலில் எடுத்த படங்களில் மிளகு விபூதியில் புரண்டு எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

இந்தக் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தனிப் பொத்தான் கிடையாது. ஆனால் ஏமாற்றலாம். ஃபிலிம் எவ்வளவு வேகமாக வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு, அதை டயலில் வைக்க வேண்டும். உள்ளே 200 ஃபிலிம் இருந்தால் டயலில் 400 என்று பொய் சொல்ல வேண்டும். “ஓ, ஃபிலிம் வேகமானதா” என்று நம்பிப் பாதி வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். மிளகு மறுபடியும் கறுப்பாகிவிடுவாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் என்றால் பொய்யைத் திருப்பிச் சொல்ல வேண்டும், 100 என்று. முடிந்ததும் டயலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. நான் மறப்பேன். மகள் கேமராவின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்: “மிளகு முடிந்ததா?”

ஃபோகஸ் இன்னொரு பாடு. ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னப் பட்டை, அதில் பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மனிதர் என்றால் மூக்குக்கண்ணாடி விளிம்பு, சட்டைப் பொத்தான் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். கறுப்பு நாயில் எதைப் பிடிப்பது? கறுப்பின்மேல் கறுப்பு விழுந்தால் ஒன்றானதா இரண்டா என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் கழுத்துப் பட்டையின் பித்தளைக் கொக்கியை வைத்துத்தான் சமாளிக்கிறேன். இதனாலேயே என்னிடமுள்ள மிளகு படங்களில் பாதியில் கொக்கி பளிச்சென்று இருக்கும், கண் லேசாகக் கலங்கியிருக்கும். 80 சென்டிமீட்டருக்குக் கிட்டே போகவும் முடியாது. மூக்கை மட்டும் பெரிதாக எடுக்கிற ஆசையெல்லாம் ஃபோனோடு சரி.

ஃபோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரியில் மிளகைப் பிடிப்பதில் என் ஃபோன் இதைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரன். பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றாகக் கோர்த்து, இருட்டையே பகலாக்கிவிடுகிறது. ஆனால் அவள் முடியை வழித்து பாலிஷ் போட்டுவிடுகிறது, ஸ்கூல் ஷூ மாதிரி. ஃபிலிமில் முதுகு முடியின் நுனியில் செம்பட்டை ஏறியிருப்பதுகூடத் தெரிகிறது. அதை நான் முதலில் பார்த்ததே ஃபிலிமில்தான். அவளுக்கும் வயசாகிறது.

இந்தக் கேமரா உண்மையிலேயே ஜொலிக்கிற இடம் சங்கீதம். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அதற்குக் காரணம் உண்டு. பெரிய கேமராக்களில் மாதிரி உள்ளே கண்ணாடி எகிறிக் குதிக்கிற வேலை இதில் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மெல்லிய தகடுகள் இதழ் மாதிரி திறந்து மூடுகிற ஷட்டர். சத்தம் நாக்கை மேலண்ணத்தில் லேசாகத் தட்டின அளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பாடம் வாசிக்கும்போது நான் மூலையில் தரையில் உட்கார்ந்து எடுப்பேன். போன வருடம் ஒரு தகப்பனார் பெரிய டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து சடசடவென்று அடித்ததில் ஒரு பையனுக்குத் தாளமே தப்பிவிட்டது. வாத்தியார் அவரை வாசலுக்கு அனுப்பினார். என்னை ஒன்றும் சொல்வதில்லை. நான் எடுத்தது அவருக்குத் தெரிந்தால்தானே.

அங்கே வெளிச்சம் ஒரு ட்யூப்லைட்டும் ஒரு ஜன்னலும். 200 ஃபிலிம் போட்டு லென்ஸை முழுதாகத் திறந்தாலும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். 400 போட்டால் அணையும். ஆனால் எனக்கு மஞ்சள் எரியும்போது எடுத்த படங்கள்தான் பிடித்திருக்கின்றன. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு அழுத்தினால் ஷட்டர் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு தடவை மகள் வாசித்து முடித்துவிட்டு வந்து, “ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல அரை அட்சரம் இருந்துச்சும்மா. நீ ஆடிருப்ப” என்றாள். ஆடத்தான் செய்திருந்தேன். ஆனால் அதற்கு முந்தின படம் வந்துவிட்டது. அதில் அவள் முகம் அசையவில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவைப் பசையின் ஈரப் பளபளப்பு தெரிகிறது. வலப்பக்கம், வலந்தலை மேல் கை மட்டும் இல்லை. கை இருந்த இடத்தில் விசிறி மாதிரி ஒரு வெளுத்த மூட்டம். அந்தப் படத்தை மட்டும்தான் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, “கை விழலையே, வேற எடுத்திருக்கலாமே” என்றார். அவரிடம் வேறு என்ன சொல்வது.

செலவு விஷயம். ஒரு கோடாக் கோல்டு ரோல் எனக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. கழுவி ஸ்கேன் எடுக்க இன்னொரு ஐந்நூறு, அறுநூறு. 36 படத்துக்குப் பங்கு போட்டால் ஒரு அழுத்தலுக்கு நாற்பத்தைந்து ரூபாய், ஒரு வடா பாவும் கட்டிங் சாயும். கணக்குப் பிரிவில் இருப்பதால் இந்த எண்ணை மறக்க முடிவதில்லை. மிளகு தலையைத் திருப்பிவிட்டால் மனசுக்குள் ஒரு வடா பாவ் கீழே விழும். நான் முதலில் கொடுத்த லேபில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கேட்டால், “யாரும் கேட்கிறதில்லையே மேடம்.” மூன்று ரோல் அப்படிப் போயிற்று. கொடுக்கும்போதே கவர்மேல் கொட்டை எழுத்தில் “நெகட்டிவ் வேண்டும்” என்று எழுதிவிடுங்கள். அப்பாவின் நெகட்டிவ்கள் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன, ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தவை உட்பட. அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. நீலகிரிக் குளிரில் செய்த ஃபிலிம் கோலிவாடாப் புழுக்கத்தில் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது.

யார் வாங்கலாம்? முக்கால் கிலோ எடையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் செலவழிக்கச் சலிக்காதவர்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வேண்டாம். வெள்ளை நாயோ பழுப்பு நாயோ வைத்திருந்தால் என்னைவிட உங்களுக்குச் சுலபம். பேட்டரி தீர்ந்துபோனால் ஷட்டர் ஐந்நூறில் ஒரு நொடியிலேயே நின்றுவிடும், நல்ல வெயிலில் அதை வைத்தே ரோலை ஒப்பேற்றிவிடலாம். மாட்டுங்கா பூக்கடைப் பக்கம் ஒருநாள் அப்படித்தான் எடுத்தேன், மோசமில்லை.

ஆனால் இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், காதால் கேட்டு வாங்குங்கள். போன மாதம் ஆபீஸில் ஒரு பெண் தனக்கும் இதே மாடல் வேண்டும் என்றாள். சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மூவரும் போரா பஜார் போனோம். ஒரு கடையில் புத்தம் புதிது போலப் பளபளவென்று ஒன்று இருந்தது. கடைக்காரர் லென்ஸை ஊதிக் காட்டினார், பச்சை விளக்கை எரியவிட்டுக் காட்டினார். மகள் வாங்கிக் காதோரம் வைத்து ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று. உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். கடைக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் கீறல் விழுந்த வேறொன்றை எடுத்து வந்தார்.